துளியின் சுமை

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே உள்ள சமவெளியில் வாழ்கிறவர்கள் மழையை அளப்பதற்குத் தனி அளவுகள் வைத்திருக்கிறார்கள். "ஓர் உழவு மழை" என்பார்கள். கொஞ்சம் தாராளமாகப் பெய்தால் "இரண்டு உழவு" என்பார்கள். ஏமாற்றிவிட்டுப் போனால் "புழுதி கூட அடங்கவில்லை" என்பார்கள். வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கொல்லிமலை. சித்திரை வைகாசி மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மலையின் தலையில் கறுப்பாக ஏதோ திரளும். காற்று ஒரு கணம் நின்றுபோகும். பிறகு இடியும் மின்னலுமாக, வந்த வேகத்திலேயே பெய்து முடித்துவிடும். அந்த மழையை ஏக்கர் கணக்கிலும் கிணற்று முழக் கணக்கிலும் பார்க்கத் தெரிந்தவர்கள் நாங்கள். ஆனால், ஒற்றைத் துளியை யாரும் கவனித்ததில்லை. துளி எங்கள் கணக்கில் சேர்ந்ததே கிடையாது.

அந்தத் துளியைத்தான் என் மகள் வயிற்றுப் பேத்தி நான்கு வருஷமாக ஆராய்ந்துகொண்டிருக்கிறாள். வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்கு வேலை. மின்சாரம் ஏறிய ஒரு திரவத் துளி என்ன பாடுபடும் என்பதைக் கம்ப்யூட்டருக்குள் நடத்திப் பார்ப்பது அவளுடைய ஆராய்ச்சி. இதை ஊரில் எடுத்துச் சொல்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

"பேத்தி என்னங்க படிக்குது?" என்று கேட்டார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

"துளியைப் பற்றி."

"சொட்டு நீர்ப் பாசனமுங்களா? நல்லதுங்க. அதுக்கு மானியம்கூடத் தர்றாங்களே!"

மானியம் கிடைக்காத துளி இது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டேன். ஆனால் அந்த விடுமுறையில் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எனக்குப் புரிகிற வரையில் விடமாட்டேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று வாசகர்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால், கதைக்கும் இதற்கும் உள்ள உறவு உங்களுக்கே தெரிந்துவிடும்.

"மழைத்துளி எந்த வடிவத்தில் இருக்கும், சொல்லுங்க அப்புச்சி" என்று ஆரம்பித்தாள்.

சித்திரக்காரர்கள் போடுகிறபடி மேலே கூர்மையாகவும் கீழே குண்டாகவும் விரலால் வரைந்து காட்டினேன். சிரித்தாள். அப்படிப்பட்ட மழைத்துளி ஆகாயத்தில் கிடையவே கிடையாதாம். சின்னத் துளி அப்பழுக்கில்லாத உருண்டை. இரண்டு மூன்று மில்லி மீட்டர் அகலமுள்ள பெரிய துளி, கீழிருந்து காற்று தாங்குவதால் அடி தட்டையாகி, ரொட்டிக் கடை பன்னைப்போல் விழுகிறது. அதற்கும் மேல் பெருத்தால் வழியிலேயே பிய்ந்துபோகிறது.

துளி ஏன் உருண்டையாக இருக்கிறது? அதன் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய தோல் மாதிரி எப்போதும் சுருங்கப் பார்க்கிறது. ஒரே அளவு தண்ணீரை மிகக் குறைந்த தோலால் மூட வேண்டுமென்றால் உருண்டையைத் தவிர வேறு வழி இல்லை. எங்கள் பக்கத்துச் சேகோ ஆலைகளில் ஈரமான குச்சிக்கிழங்கு மாவைக் குலுக்கிக் குலுக்கி ஜவ்வரிசி மணியாக்குவார்கள். தண்ணீருக்குக் குலுக்க ஆள் வேண்டாம். அதன் தோலே அதை உருட்டிக்கொள்கிறது.

இந்தத் துளியில் மின்சாரம் ஏறினால் என்ன ஆகும்? ஒரே இன மின்சாரம் ஒன்றையொன்று வெறுக்கும். ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்த் துளியின் தோலில் பரவி நின்றுகொண்டு வெளியே தள்ளும். தோல் உள்ளே இழுக்கிறது; மின்சாரம் வெளியே தள்ளுகிறது. வெளியே பார்த்தால் துளி அமைதியாக, அழகாக, உருண்டையாகவே இருக்கிறது. சுமை ஏற ஏற, உள்ளே நடக்கும் இழுபறி மட்டும் கடுமையாகிக்கொண்டே போகிறது.

இந்த இழுபறிக்கு ஒரு கணக்கு உண்டு என்று கண்டுபிடித்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ராலே பிரபு. ஆகாயம் ஏன் நீலமாக இருக்கிறது என்பதற்குக் காரணம் சொன்னவரும், பின்னால் 1904-இல் நோபல் பரிசு பெற்றவரும் அவரேதான். 1879-இல் அவர் ஒரு நீரூற்றை வைத்துக்கொண்டு விளையாடிப் பார்த்தார். மேலே எழும்பிச் சிதறும் நீர்த்தாரைக்கு அருகில், தேய்த்து மின்சாரம் ஏற்றிய அரக்குக் குச்சியைக் கொண்டு போனார். சிதறிக்கொண்டிருந்த துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய துளிகளாக விழ ஆரம்பித்தன. மின்சாரத்தை அதிகப்படுத்தினாரோ இல்லையோ, முன்னைவிட மோசமாகச் சிதறின. சிறிதளவு இருந்தால் சேர்க்கிறது, மிகுந்தால் பிரிக்கிறது. எந்தக் கூட்டுக் குடும்பத்தில் பார்த்து இதை எழுதினார் என்று கேட்கத் தோன்றியது எனக்கு.

மூன்று வருஷம் கழித்து, 1882-இல், தனித் துளி ஒன்று அதிகபட்சம் எவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் என்பதற்கு அவர் சூத்திரம் எழுதினார். இன்றைக்கும் அதற்கு ராலே எல்லை என்றே பெயர். ஒரு மில்லி மீட்டர் ஆரமுள்ள நீர்த்துளிக்கு அந்த எல்லை எவ்வளவு என்று பேத்தியைக் கணக்குப் போடச் சொன்னேன். சுமார் 400 கோடி எலெக்ட்ரான்கள் என்றாள். "அம்மாடி!" என்றேன். "பெரிய தொகை என்று நினைக்காதீங்க அப்புச்சி. அந்தத் துளியில் இருக்கிற தண்ணீர் மூலக்கூறுகளை எண்ணிப் பார்த்தால், ஏறக்குறைய 3,500 கோடி மூலக்கூறுகளுக்கு ஓர் எலெக்ட்ரான்தான் வரும்" என்றாள். 3,500 கோடிப் பேர் இருக்கும் உலகத்தில் ஒரே ஒருவன் சண்டைக்காரன். உலகம் உடைவதற்கு அது போதும்.

அடுத்து அவள் சொன்ன விஷயம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. எல்லையைத் தாண்டுவதற்கு மேலும் மின்சாரம் ஏற வேண்டும் என்பதே இல்லையாம். துளி வெயிலில் காய்ந்தாலே போதும். தண்ணீர் ஆவியாகப் போகும். மின்சாரம் அப்படிப் போகாது. துளியின் ஆரம் பாதியாகக் குறைந்தால் அதன் தாங்கும் சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. நேற்றுச் சுலபமாகத் தாங்கிய சுமை இன்றைக்கு எல்லையில் வந்து நிற்கிறது. சுமை ஏறவில்லை; சுமக்கிறவன் சிறுத்துவிட்டான்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. பாகப்பிரிவினையில் நிலம் சுருங்கும், கடன் சுருங்காது. கிணற்றில் தண்ணீர் இறங்கும், வட்டி இறங்காது. எங்கள் சமவெளியில் எத்தனையோ குடும்பங்களை உடைத்தது புதிதாக வந்த பெருந்துன்பம் அல்ல. தாத்தா காலத்தில் பன்னிரண்டு ஏக்கர் தாங்கிய செலவைப் பேரன் காலத்தில் மூன்று ஏக்கர் தாங்க வேண்டி வந்ததுதான்.

"எல்லையில் போய் நின்ற துளி என்ன செய்யும்? இரண்டாகப் பிளந்துவிடுமா?" என்று கேட்டேன்.

அப்படித்தான் பலரும் நினைப்பார்களாம். ராலே அப்படி எழுதவில்லை. மெல்லிய தாரைகளாகத் திரவம் பீறிட்டு வெளியேறும் என்றுதான் அவர் எழுதினார். ஆனால், அதைத் தெளிவாகக் கண்ணால் பார்ப்பதற்கு உலகம் 120 வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு மில்லி மீட்டர் ஆரமுள்ள துளியே ஒரு வினாடிக்குச் சுமார் 120 தடவை நடுங்கும். அதைவிட மிகச் சிறிய துளி உடையும் நாடகம் ஒரு லட்சத்தில் சில பங்கு வினாடியில் முடிந்துவிடும். ஜெர்மனியில் இல்மெனாவ் நகரத்துப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டுஃப்ட், லைஸ்னர் முதலியோர், மின்சாரப் பொறி ஒன்றில் துளியை அந்தரத்தில் நிறுத்தி, அது காய்ந்து எல்லையைத் தொடும் தருணத்தைப் படம் பிடித்து 2003-இல் வெளியிட்டார்கள். பேத்தி அந்தப் படங்களைக் காட்டினாள். முதலில் உருண்டை. பிறகு முட்டை. பிறகு எலுமிச்சம்பழம் மாதிரி இரண்டு முனையிலும் காம்பு. அடுத்த படத்தில் இரண்டு காம்பிலிருந்தும் தலைமயிரைவிட மெல்லிய தாரை புறப்பட்டுச் சுமார் நூறு குட்டித் துளிகளாக உதிர்கிறது. அதற்கு அடுத்த படத்தில் துளி மறுபடியும் உருண்டை! ஒன்றுமே நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கிறது.

"எவ்வளவு போச்சு, தெரியுமா?" என்றாள். "மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. உடம்பில் ஆயிரத்தில் மூன்று பங்குதான் போனது."

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்தில் மூன்றைக் கொடுத்துச் சுமையில் மூன்றில் ஒன்றை இறக்கிக்கொள்கிற சாமர்த்தியம் மனிதர்களில் எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

படம்தான் எடுத்துவிட்டார்களே, இனிக் கம்ப்யூட்டரில் வேறு எதற்காக நடத்திப் பார்க்க வேண்டும்? இந்தக் கேள்வியையும் கேட்டேன். புகைப்படம் வெளித்தோற்றத்தைக் காட்டும். உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு இழுப்பு, எவ்வளவு தள்ளல் என்று காட்டாது. "முகத்தைப் படம் எடுக்கலாம், மனசைக் கணக்குத்தான் போட வேண்டும்" என்றாள். நாவலாசிரியன் செய்வதும் அதைத்தானே?

கம்ப்யூட்டர் துளியின் கதை அவ்வளவு சுபமாக ஆரம்பித்ததல்ல. 1938-ஆம் வருஷக் கடைசியில், யுரேனிய அணுவின் கரு பிளக்கிறது என்ற செய்தி வந்தபோது, லீஸ மைட்னரும் அவருடைய சகோதரி மகன் ஆட்டோ ஃப்ரிஷும் அந்தக் கருவை மின்சாரம் ஏறிய ஒரு துளியாகக் கற்பனை செய்துதான் அதற்கு விளக்கம் கண்டார்கள். மறு வருஷமே போரும் வீலரும் அந்தத் துளிக்குக் கணிதம் எழுதினார்கள். துளி சற்றே கோணினால் கையால் கணக்குப் போடலாம். நீண்டு இடுப்பு ஒடுங்கினால் கையால் முடியாது. அதற்காக ஃப்ராங்கெல், மெட்ரோபொலிஸ் என்ற இருவர், பதினேழாயிரத்துக்கும் அதிகமான வால்வுகளும் முப்பது டன் எடையும் கொண்ட எனியாக் யந்திரத்திடம் கணக்கை ஒப்படைத்தார்கள். அதன் முடிவு 1947-இல் வெளியாயிற்று. இருவரும் அணுகுண்டு தயாரித்த லாஸ் அலமாஸில் வேலை செய்தவர்கள். யந்திரத்துக்குள் முதன்முதலாக உடைந்த துளிகளில் ஒன்று, உலகத்தையே உடைக்கவல்ல துளி!

என் பேத்தியின் துளி அவ்வளவு பயங்கரமானதல்ல. அணுக்கருவில் மின்சாரம் உள்ளெல்லாம் நிறைந்திருக்கிறது. நீர்த்துளியிலோ தோலில் மட்டும் இருக்கிறது. ஆகவே தோலை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டால் போதும். துளி குயவர் சக்கரத்தில் வனைந்த பானையைப்போல் சுற்றிலும் ஒரே மாதிரி இருப்பதால், முழுத் தோலும்கூட வேண்டாம். ஒரு பக்கத்து விளிம்புக் கோடு போதும். அந்தக் கோட்டைச் சில நூறு துண்டுகளாக்குகிறார்கள். ஒவ்வொரு துண்டும் மற்ற எல்லாத் துண்டுகளையும் எவ்வளவு தள்ளுகிறது, தோல் எவ்வளவு இழுக்கிறது என்று யந்திரம் கூட்டிக் கழிக்கிறது. கிடைத்த வேகத்தில் கோட்டை மயிரிழை நகர்த்துகிறது. மறுபடியும் கூட்டல், கழித்தல், மறுபடியும் மயிரிழை. வினாடியில் லட்சத்தில் ஒரு பங்கை நடத்திக் காட்ட ஓர் இரவு முழுவதும் ஓடுகிறது. முனை கூர்மையாக ஆக, அந்த இடத்தில் துண்டுகளும் நெருக்கமாக வேண்டும், அடிகளும் சிறியதாக வேண்டும். நாவலில் உச்சகட்டம் நெருங்க நெருங்க ஒரு நாளைக்கு ஒரு பக்கம்கூட நகராதே, அந்த அவஸ்தைதான்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று, துளியைக் குற்றமில்லாத மின்கடத்தியாக வைத்துக்கொள்வது வழக்கம். அதாவது, தோல் எப்படி அசைந்தாலும் மின்சாரம் ஒரு கணம்கூடத் தாமதிக்காமல் ஓடிப்போய்ச் சரியான இடத்தில் நின்றுவிடும். அப்படிப்பட்ட உத்தமத் துளி எல்லையைத் தொட்டதும் நீள்கிறது, இரண்டு முனையும் கூர்மையாகிறது, மேலும் மேலும் ஊசியாகிறது. அவ்வளவுதான், கணக்கு நின்றுவிடுகிறது. தாரை வருவதில்லை. குட்டித் துளிகள் இல்லை. யந்திரம் கையை விரித்துவிடுகிறது. அமெரிக்காவில் பஸரனும் அவரோடு வேலை செய்தவர்களும் 2008-இல் இதன் காரணத்தைத் தெளிவாக்கினார்கள். திரவத்தின் மின்கடத்தும் தன்மையில் சிறிது குறை இருக்க வேண்டும். மின்சாரம் கொஞ்சம் தயங்கி, கொஞ்சம் பின்தங்கி ஓட வேண்டும். அப்போதுதான் அது ஓடும்போது தோலையும் தன்னோடு முனைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது; அந்த இழுப்பில்தான் தாரை பிறக்கிறது. குறை இல்லாத துளிக்கு விடுதலையும் இல்லை!

பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தாவ்கர், மய்யா ஆகியோரின் குழு 2017 முதல் வெளியிட்ட ஆராய்ச்சிகளில், திரவத்தின் பிசுபிசுப்பு இந்தத் தாரையை எப்படி மாற்றுகிறது என்பதையும், குட்டித் துளிகள் எப்படிப் பிறக்கின்றன என்பதையும் இதே மாதிரி கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்கள் துளியைப் பொறியில் மிதக்கவிட்டும் பார்த்தார்கள். ராலேயின் எல்லை அமைதியாக, உருண்டையாக இருக்கும் துளிக்குத்தான் பொருந்தும். ஏதோ காரணத்தால் ஏற்கெனவே போதிய அளவு கோணிப்போன துளி, எல்லையைத் தொடுவதற்கு முன்பே உடைந்துவிடுகிறது. அதுவும் இரண்டு பக்கமும் சமமாக அல்ல, ஒரு பக்கமாகப் பீறிட்டு. ஏற்கெனவே கோணலாக்கப்பட்டவனைப் பார்த்து, "இதுகூடத் தாங்க முடியவில்லையா உன்னால்?" என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வியில் எவ்வளவு அநியாயம் இருக்கிறது என்று எனக்கு அப்போது உறைத்தது.

இப்போது என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த 1960-களில் நடந்தது. இராசிபுரத்துக்குப் பக்கத்தில் அவருக்குப் பாகத்தில் வந்தது மூன்று ஏக்கரும் பாதிக் கிணறும். அதோடு கூடவே வந்தது, மாரியம்மன் நோம்பியில் முதல் மரியாதை. மரியாதை என்றால் சாமி முன்னால் ஒரு பரிவட்டம், ஒரு மாலை, ஒரு தேங்காய் மூடி. ஆனால் அதை வாங்கிக்கொள்கிறவன் சும்மா போய் நிற்க முடியுமா? மேளக்காரர்களுக்கு விருந்து, பந்தல், சம்பந்தி வீடுகளுக்குப் புதுத்துணி, மூன்று நாள் அடுப்பு அணையாத சமையல். பன்னிரண்டு ஏக்கர் இருந்தபோது ஏற்பட்ட வழக்கம் மூன்று ஏக்கரின் தலையில் வந்து உட்கார்ந்தது. வருஷா வருஷம் நோம்பிக்கு ஒரு கைமாற்று. அதற்கு வட்டி. வெளியில் பார்த்தால் பெரியப்பா அப்பழுக்கில்லாத வெள்ளை வேட்டிக்காரர்.

ஒரு வருஷம் நோம்பி சாட்டக் கூடிய கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். வார்த்தை சுலபமாக வரவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அருகில் நின்ற எனக்கு அவர் கை நடுங்கியது தெரிந்தது. "இந்த வருஷத்திலிருந்து முதல் மரியாதையை ஊரில் வேறு யாருக்காவது கொடுத்துடுங்க. நான் வரிசையில் நின்று திருநீறு வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பெரியம்மா அன்று அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. ஊர் மூன்று மாதம் பேசிற்று. போனது ஒரு மாலையும் ஒரு தேங்காய் மூடியுந்தான். ஆனால் அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் கடனில் ஒரு பெரும் பகுதி கரைந்தது. அந்த மூன்று ஏக்கர் இன்றைக்கும் அவருடைய பேரன்கள் கையில் இருக்கிறது.

அதே காலத்தில் பக்கத்து ஊரில் இன்னொருவர் இருந்தார். அவரிடம் எந்தத் தயக்கத்தையும் யாரும் கண்டதில்லை. எந்தச் செலவிலும் கை சுருங்காது. எந்தக் கடனும் முகத்தில் தெரியாது. ஊரார் பெரியப்பாவுக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். ஒருநாள் காலையில் அவருடைய வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு இரவோடு இரவாகப் போய்விட்டார். தறிப் பட்டறையில் கூலிக்கு இருக்கிறார் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். ஊசி மாதிரிக் கூர்மையாகிக் கணக்கு நின்றுபோன உத்தமத் துளியைப் பேத்தி காட்டியபோது எனக்கு அவர் முகந்தான் தெரிந்தது.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் மறுத்தாள். "துளிக்கு மானம் கிடையாது அப்புச்சி. அது நினைத்து எதையும் விடுவதில்லை. எல்லை வந்தால் பீறிடும், அவ்வளவுதான். இன்னொன்றும் கேளுங்க. ஒரு தடவை இறக்கிவிட்டால் முடிந்துபோவதும் இல்லை. மறுபடியும் காயும், மறுபடியும் எல்லைக்கு வரும், மறுபடியும் பீறிடும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. உவமையை அளவுக்கு மீறி நீட்டினால் அதுவும் முனை கூர்மையாகி நின்றுவிடும். ஆனாலும் மறுபடியும் மறுபடியும் என்றாளே, அதுவுங்கூடப் பெரியப்பாவின் கதைதான். நோம்பிச் செலவை விட்டவர், பிறகு வில்வண்டியை விட்டார், பிறகு வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருந்த வரப்பு வழக்கை விட்டார். துளிக்கும் அவருக்கும் ஒரே ஒரு வித்தியாசம். எல்லை வருகிற வரையில் துளி காத்திருக்கும். அவர் எல்லைக்குச் சற்று முன்பே எழுந்து நின்று பேசினார். அந்தச் 'சற்று முன்பு' மனிதனுக்கு மட்டும் கொடுத்துவைத்தது.

"அது சரி, இறக்கிவிட்ட மின்சாரம் எங்கே போகிறது?" என்று கேட்டேன். குட்டித் துளிகள் அதைச் சுமந்துகொண்டு போகின்றன. அவையும் காயும், அவையும் பீறிடும். கடைசியில், திரவம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாமல், தனித்தனி மூலக்கூறு தன் பங்கு மின்சாரத்தோடு அந்தரத்தில் பறக்கும். ஜான் ஃபென் என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்த உபாயத்தால் புரதம் போன்ற பெரிய பெரிய மூலக்கூறுகளைச் சிதையாமல் பறக்கவிட்டு எடை போட வழி செய்து, 2002-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பரம்பரை வியாதி இருக்கிறதா என்று பார்க்கும் யந்திரங்களில் இந்த வித்தை இருக்கிறது. பெரிய துளியால் தாங்க முடியாத சுமையைப் பலரும் பகிர்ந்துகொண்ட பிறகு, அந்தச் சுமையே சிறகாகிவிட்டது.

தோட்டத்துக்காரருக்குச் சொல்லவும் ஒன்று கிடைத்தது. சாதாரணத் தெளிப்பானில் அடிக்கிற மருந்தில் ஒரு பகுதி இலையில் படாமல் மண்ணில் விழுகிறது. மருந்துத் துளிகளில் மின்சாரம் ஏற்றித் தெளித்தால் அவை செடியை நாடிப் போய், இலையின் அடிப்பக்கத்தில்கூட ஒட்டிக்கொள்கின்றன. அப்படிப்பட்ட தெளிப்பானைச் சண்டிகரில் உள்ள மத்திய விஞ்ஞானக் கருவிகள் நிறுவனம் செய்திருக்கிறது. 2020-இல் கொரோனா வந்தபோது கிருமிநாசினி தெளிக்கவும் அதே வழி உதவிற்று. "இதுக்கு மானியம் உண்டுங்களா?" என்று உடனே கேட்டார் அவர். மனுஷர் மாறவே இல்லை.

ஆனால் என் பேத்தியின் மனசில் இருப்பது தெளிப்பான் அல்ல, மின்னல். இந்தியாவில் வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மின்னல் தாக்கிச் சாகிறார்கள். பெரும்பாலும் காட்டிலும் மேட்டிலும் வேலை செய்கிறவர்கள். மழை இறங்குவதற்குள் கடலைக்கொடியை அள்ளிவிடலாம் என்று ஓடுகிறவர்கள். ஆட்டை ஓட்டிக்கொண்டு ஒற்றை மரத்தடியில் ஒதுங்குகிறவர்கள். மேகத்துக்குள் பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் மோதிக்கொள்வதால்தான் பெரும்பாலான மின்சாரம் பிரிகிறது. ஆனால் மின்னல் புறப்படுவதற்கு வேண்டிய அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மின்விசைதான் மேகங்களில் அளந்தபோது கிடைக்கிறது. பிறகு முதல் பொறி எப்படிக் கிளம்புகிறது? நீர்த்துளிகள் மின்விசையில் நீண்டு, முனை கூர்மையாகி, அந்த முனையிலிருந்து தொடங்கிவைக்கலாம் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. அந்த முனையின் வடிவத்தை 1964-இல் ஜி.ஐ. டெய்லர் கணக்கிட்டுக் காட்டினார். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனத்தில், கீழிருந்து வீசும் காற்றில் துளியை மிதக்கவிட்டு, மின்விசையில் அது எப்படிக் கோணுகிறது என்று நேரிலேயே அளந்தார்கள். மின்னல் வரப்போவதை எச்சரிக்கும் தாமினி என்ற செல்போன் செயலியைச் செய்து கொடுத்ததும் அந்த நிறுவனந்தான். எங்கள் தெருவில் இரண்டு பையன்கள் அதை வைத்திருக்கிறார்கள்.

பேத்தியின் கணக்கு ஒரு மின்னலையாவது நிறுத்தப்போகிறதா? இல்லை, அவளே அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. சரியாகத் தெரிந்துகொண்டால் எச்சரிக்கை இன்னும் கொஞ்சம் முந்தி வரும், இன்னும் கொஞ்சம் சரியாக வரும் என்கிறாள். சற்று முன்பு தெரிந்தால் போதும். கடலைக்காட்டிலிருந்து ஒரு மனுஷி வீட்டுக்குள் ஓடி வந்துவிட அந்தச் சற்று நேரம் போதும்.

இந்த வருஷம் அவளுக்குப் புதிய வேலை கொடுத்திருக்கிறார்கள். இத்தனை நாளும் அந்தரத்தில் தனியாக நின்ற ஒற்றைத் துளியைப் பார்த்துவந்தாள். மேகத்தில் எந்தத் துளியும் தனியாக இருப்பதில்லை. பக்கத்தில் இன்னொன்று வந்து நின்றால், ஒன்றின் சுமை மற்றொன்றை எப்படிக் கோணலாக்கும் என்று இப்போது பார்க்க வேண்டுமாம். கணக்கு இரண்டு மடங்கு அல்ல, பல மடங்கு கடினம் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாள்.

எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. ஒரே ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தை எழுதிவிடலாம். இரண்டாவது ஆள் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் நாவலின் சிரமம் ஆரம்பமாகிறது.